பரம்பரை மான் கொம்பில் கத்திப்பிடி செய்து விற்றேன், வழக்கு வருமா?

கேள்வி: நான் சென்னை பெரம்பூரில் வசிக்கிறேன்; அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. ஓய்வு நேரத்தில் கத்தி செய்வது என் பொழுதுபோக்கு. என் தாத்தா வால்பாறை எஸ்டேட்டில் பணிபுரிந்தவர், 2011இல் காலமானார். அவர் காட்டில் விழுந்து கிடந்ததாகச் சொல்லிக் கொண்டுவந்த கிளைக் கொம்புகள் இரண்டும், மரப்பலகையில் பதித்த, கிளையில்லாமல் திருகுபோல் முறுக்கிய கொம்பு ஒரு ஜோடியும் எங்கள் வீட்டில் உள்ளன. கிளைக் கொம்பு ஒன்றை அறுத்து இரண்டு கத்திகளுக்குப் பிடி போட்டேன். ஒன்றை இன்ஸ்டாகிராம் வழியாகப் பெங்களூரு நண்பர் ஒருவருக்கு 4,500 ரூபாய்க்கு விற்றேன். படத்தைப் பார்த்த ஒருவர் ‘ஏழு வருடம் சிறை’ என்று எழுதியிருக்கிறார். தானாக உதிர்ந்த கொம்பும் குற்றமா? மீதமிருப்பதை எரித்துவிடலாமா? வெளிநாட்டு மான் கொம்பை வாங்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி கொம்பு எப்படி வந்தது என்பதைப் பற்றியே இருக்கிறது. கொம்பு வந்த வழி ஒரு கேள்வி, அதை வைத்து நீங்கள் செய்தது வேறொரு கேள்வி. முதலாவதற்கு உங்கள் தரப்பில் சொல்ல ஓரளவு வாதம் உண்டு. இரண்டாவதற்கு மிகக் குறைவு. இவை இரண்டையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த முறுக்கிய ஜோடிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உதிர்ந்த கொம்பு. கடமானும் புள்ளிமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்ப்பவை என்பதும், அதற்காக எந்த மானையும் கொல்ல வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 2(31)இல், கெடாமல் வைத்திருக்கும் விலங்கின் எந்தப் பகுதியையும் ‘டிராபி’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, எலும்பு, பல், நகம், இறகு ஆகியவற்றோடு மான் கொம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உதிர்ந்ததா, வெட்டப்பட்டதா என்ற வேறுபாடு அந்த வரையறையில் இல்லை. மயில் தோகையும் தானாக உதிர்வதுதானே என்று பலர் கேட்பார்கள். சட்டமியற்றியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் மயிலின் வால் இறகையும் அதில் செய்த பொருள்களையும் பிரிவு 43இலும் 49ஏ-யிலும் வெளிப்படையாக விலக்கி வைத்தார்கள். மான் கொம்புக்கு அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை. ஒன்றை விலக்கி மற்றொன்றை விலக்காமல் விட்ட சட்டத்தை நீதிமன்றம் எப்படிப் படிக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆனாலும், வீட்டில் வைத்திருந்ததற்காக மட்டும் உங்களைக் குற்றவாளி என்று உடனே சொல்லிவிட முடியாது. சட்டம் வந்தபோது டிராபிகளை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று பிரிவு 40 விதித்த கட்டாயமும், 2003இல் 180 நாள் அவகாசத்தோடு அளிக்கப்பட்ட மறுவாய்ப்பும், பாதுகாப்பின் அளவைப் பொறுத்துச் சட்டம் விலங்குகளைப் பிரித்து வைத்திருக்கும் அட்டவணைகளில், அன்றைய முதல் அட்டவணை விலங்குகளுக்கும் இரண்டாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இருந்தவற்றுக்கும் உரியவை. கடமானும் புள்ளிமானும் அப்போது மூன்றாம் அட்டவணையில் இருந்தன. ஆகவே தாத்தா அறிவிக்காததை மட்டும் கொண்டு இந்தக் கிளைக் கொம்புகளைச் சட்டவிரோதம் என்று கூறுவது எளிதல்ல. அதே நேரத்தில், பிரிவு 57இன்படி உங்கள் கையில் பொருள் இருப்பது நிறுவப்பட்டுவிட்டால், அது சட்டவிரோத உடைமை என்றே அனுமானிக்கப்படும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை உங்களுடையது. தாத்தாவின் எஸ்டேட் பணிச்சான்று, கொம்பு சுவரில் தெரியும் பழைய குடும்பப் புகைப்படம், அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்துபோன முதியவர் ஒருவரின் வாக்குமூலம் ஆகியவை உங்களுக்கு இப்போது பத்திரங்களுக்குச் சமம்.

அறுக்காத கொம்பின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். உதிர்ந்த கொம்பின் அடியில் கிரீடம் போன்ற சொரசொரப்பான வளையமும், அதன் கீழ் லேசாகப் புடைத்த முகமும் இருக்கும். மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தாலோ, ரம்பத் தடம் தெரிந்தாலோ அது உதிர்ந்தது அல்ல. அப்படியானால் ‘விழுந்து கிடந்தது’ என்ற வாக்கியத்தை எந்த மனுவிலும் எழுதாதீர்கள். அறுத்த கொம்பின் அடித்துண்டு உங்கள் பட்டறையில் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

இனி விற்பனை. ஒரு விலங்கின் பகுதி பயன்படுத்தப்பட்ட எந்தப் பொருளும் ‘விலங்குப் பொருள்’ என்று பிரிவு 2(2) சொல்கிறது. பித்தளை ஆணி அடித்து, மெருகேற்றி, அலகோடு சேர்த்துவிட்டதால் அது கொம்பு அல்லாமல் போய்விடாது. டிராபியாக இருந்தது விலங்குப் பொருளாக மாறியிருக்கிறது, அவ்வளவே. அத்தகைய பொருளை உரிமம் இல்லாமல் தயாரித்து விற்கும் தொழிலைப் பிரிவு 44 தடுக்கிறது. உரிமமோ அனுமதியோ இல்லாதவரிடமிருந்து வாங்குவதைப் பிரிவு 49 தடுக்கிறது. எனவே உங்கள் பெங்களூரு நண்பரும் இதற்குள் வருகிறார். ஒரே ஒரு கத்தியை விற்றது ‘தொழில்’ ஆகுமா என்று வாதாட இடமுண்டு, நானே வாதாடுவேன். ஆனால் நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய இன்ஸ்டாகிராம் பக்கத்தின் படத்தில், கத்தியின் கீழே விலையும் ‘ஆர்டர் எடுக்கப்படும்’ என்ற வரியும் இருக்கின்றன. அந்த ஒரு வரி என் வாதத்தில் பாதியைத் தின்றுவிடும்.

சட்டப்படி வந்த பழைய சரக்குதானே, விற்றால் என்ன என்ற கேள்வியை யானைத் தந்த வியாபாரிகள் ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். தடைக்கு முன்பே முறையாக இறக்குமதி செய்த தந்தம் என்று அவர்கள் சொல்லியும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த வணிகத் தடை செல்லும் என்று 2003இல் தீர்ப்பானது. உங்களுடையது தந்தம் அல்ல. ஆயினும் வைத்திருக்கும் உரிமையும் விற்கும் உரிமையும் ஒன்றல்ல என்ற கோட்பாடு உங்களுக்கும் பொருந்தும்.

‘ஏழு வருடம்’ என்று எழுதியவர் பாதி சரி. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்டால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இந்தத் திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கி விலங்குகளை மறுபடி வரிசைப்படுத்தியது. ‘மான் மூன்றாம் அட்டவணைதான், பயமில்லை’ என்று இன்றும் இணையத்தில் சுற்றும் குறிப்புகளை நம்பாதீர்கள். இன்றைய மூன்றாம் அட்டவணையில் இருப்பவை தாவரங்கள். உங்கள் கொம்பு கடமானுடையதா, புள்ளிமானுடையதா என்பதை நிபுணர் சொன்ன பிறகே தண்டனைக் கணக்கைப் பேச முடியும்.

இப்போது அந்த முறுக்கிய ஜோடி. தமிழில் எல்லாவற்றையும் கொம்பு என்றே சொல்கிறோம். ஆனால் கிளையில்லாமல் திருகாக வளர்வது வெளிமானின் கொம்பு. வெளிமான் தன் கொம்பை ஒருபோதும் உதிர்ப்பதில்லை. ஆகவே பலகையில் இருப்பது ஏதோ ஒரு காலத்தில் இறந்த, அல்லது கொல்லப்பட்ட, விலங்கினுடையது. அது சமவெளிப் புல்வெளியில் வாழ்வது. கிண்டியிலும் கோடியக்கரையிலும் பார்க்கலாம், வால்பாறை மலையில் பார்க்க முடியாது. எஸ்டேட்டில் கண்டெடுத்தது என்ற குடும்பக் கதை இதற்குப் பொருந்தவே பொருந்தாது. வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. அறிவிப்பும், வனத்துறை தரும் உரிமைச் சான்றிதழும் இல்லாமல் இது வீட்டில் இருப்பதே, விற்காமல் இருந்தாலும், தனிக் குற்றச்சாட்டாகும். மேலும் 2003 திருத்தத்தின்படி இத்தகைய பொருளை மரபுரிமையாகப் பெறுபவர் 90 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தாத்தா காலமானது 2011இல். குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்பதால் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் வசதியும் இதற்குக் கிடையாது. நீங்கள் கேள்வி கேட்ட கத்தியைவிட, கேட்காமல் விட்ட இந்தப் பலகைதான் உங்களைச் சிறை வரை கொண்டுபோகக்கூடியது.

எரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. எரிப்பதோ கூவத்தில் வீசுவதோ, சாட்சியத்தை மறைத்ததாகப் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 238இன் கீழ் இன்னொரு குற்றத்தைச் சேர்க்கும். அரசு உடைமை என்று கருதத்தக்க பொருளை அழித்ததாகவும் ஆகும். விற்பனை அறிவிப்பை நீக்குங்கள். ஆனால் நண்பரோடு நடந்த உரையாடலையும் பணப்பரிமாற்றப் பதிவையும் அழிக்க வேண்டாம். பதற்றத்தில் அந்தக் கத்தியைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் இதை எடுத்துச் செல்வதே பிரிவு 48ஏ-யின் கீழ் சிக்கல். மாநில எல்லையைத் தாண்டினால் சிக்கல் இரட்டிப்பாகும். கத்தி அங்கேயே, பயன்படுத்தாமல் இருக்கட்டும்.

அதன் பிறகு ஒரு வழக்கறிஞரின் உதவியோடு தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பொருள்களை ஒப்படைக்க முன்வருவதே என் பரிந்துரை. தானாக ஒப்படைத்தால் வழக்கே வராது என்று சட்டம் எங்கும் உறுதி தரவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2022இல் சேர்க்கப்பட்ட பிரிவு 42ஏ, உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஒப்படைப்பதற்கானது. உங்களிடம் சான்றிதழ் இல்லை. ஆயினும் தேடிவந்து பறிமுதல் செய்யப்பட்டவருக்கும் தானே முன்வந்தவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஜாமீன் விசாரணையிலும் தண்டனை நிர்ணயிக்கும்போதும் நீதிமன்றங்கள் பார்க்கத் தவறுவதில்லை. கடிதம் கொடுக்கும் முன்பே, இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 482இன் கீழ் முன்ஜாமீன் கேட்பது பற்றி முடிவெடுங்கள். கடிதத்தின் வாசகத்தை நீங்களாக எழுதாதீர்கள். உதவி வனப் பாதுகாவலர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள வன அலுவலர் பதிவுசெய்யும் வாக்குமூலம், போலீஸாரிடம் சொல்வதைப் போலன்றி, வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தத்தக்கது.

வெளிநாட்டுக் கொம்பைப் பற்றிச் சுருக்கமாக: நியூசிலாந்தில் பண்ணைகளில் வளரும் சிவப்பு மானின் கொம்பு நம் நாட்டு வனவிலங்கினுடையது அல்ல. ஆனால் இறக்குமதிக் கொள்கை, கால்நடைப் பொருள்களுக்கான சுகாதார அனுமதி, சுங்க அறிவிப்பு ஆகிய மூன்றையும் தாண்டித்தான் அது சென்னைக்கு வர முடியும். காஷ்மீரின் ஹங்குல் மான் அந்தச் சிவப்பு மானுக்கு நெருங்கிய உறவு என்பதால், கையில் ரசீது இல்லாவிட்டால் மரபணுச் சோதனை முடியும்வரை நீங்கள் சந்தேகத்துக்கு உரியவரே. இரண்டு பிடிகளுக்காக இவ்வளவு அலைவது வீண் என்பது என் கருத்து. வீட்டு எருமையின் கொம்பு இந்தச் சட்டத்துக்குள் வராது. ரசீதோடு வாங்கிப் பயன்படுத்துங்கள். அதைத் தேய்த்து மான் கொம்பு போலத் தோன்றச் செய்தாலும் விளம்பரத்தில் மான் கொம்பு என்று எழுதாதீர்கள். அலகு ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டி, வீட்டு, வேளாண், அறிவியல் அல்லது தொழில் உபயோகத்துக்கானதாகவும் இல்லாவிட்டால், விற்பனைக்குச் செய்ய ஆயுதச் சட்ட உரிமமும் தேவைப்படும்.

வழக்கறிஞரிடம் போகும் முன் ஒரு வேலை. அந்தப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி, பின்புறத்தைப் பாருங்கள். மைசூர் வான் இங்கன் போன்ற பழைய பாடம் செய்யும் நிறுவனங்களின் சீட்டோ, கையால் எழுதிய ஊரும் ஆண்டுமோ பின்புறத்தில் இருப்பதுண்டு. இருந்தால் உரிக்காமல், துடைக்காமல், அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1972க்கு முந்தைய ஆண்டு அதில் தெரிந்தால், அறிவிக்காத தவறு நீங்காவிட்டாலும், சட்டத்தை மீறி வேட்டையாடியது என்ற குற்றச்சாட்டுக்கு உங்கள் வழக்கறிஞர் அதை வைத்தே பதில் சொல்ல முடியும்.