பாஸ்வேர்டு கேட்பது யார் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு 24.04. வேலைக்கு இரண்டு பேர். பிரிண்டர் நின்றுபோனால் பாஸ்வேர்டு கேட்கிறது, குரோம் திறந்தால் கேட்கிறது, பழைய விண்டோஸ் டிரைவைத் தொட்டாலும் கேட்கிறது. நான் வெளியே போனால் போன் மேல் போன். கடைசியில் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவிட்டேன். பாஸ்வேர்டே கேட்காதபடி செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் கடைக்கு அதைச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவர்களின் பென் டிரைவ் நாள் முழுக்க ஏறி இறங்கும் மெஷின் அது. எது நுழைந்தாலும் கேள்வி கேட்க ஓர் ஆள் வாசலில் இருக்கட்டும். உங்கள் உண்மையான தொல்லை வேறு. நீங்கள் சொன்ன மூன்று இடத்திலும் கேட்பது ஒரே ஆள் இல்லை.

குரோமை முதலில் முடித்துவிடுகிறேன், அது அட்மின் விவகாரமே இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டெஸ்க்டாப் வருகிறதா? அதாவது ஆட்டோமேட்டிக் லாகின் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் காரணம் அதுதான். உபுண்டுவில் கீரிங் என்று ஒரு சாவிப் பெட்டி இருக்கிறது. சேமித்த பாஸ்வேர்டுகள் அதில்தான் கிடக்கும். லாகின் செய்யும்போது நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டே அந்தப் பெட்டியையும் திறந்துவிடும். நீங்கள் எதையும் அடிக்காமல் உள்ளே வந்துவிட்டால் பெட்டி பூட்டியே இருக்கும், குரோம் வந்து கதவைத் தட்டும். ஆட்டோமேட்டிக் லாகினை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

மற்ற இரண்டும் போல்கிட்டின் வேலை. திரையில் ஜன்னல் போட்டு அட்மின் பாஸ்வேர்டு கேட்பது அதுதான். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், அட்மின் உரிமையோடு ஒரு கட்டளையை ஓட்டப் பாஸ்வேர்டு கேட்கும் சுடோ வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் இணையத்தில் பார்த்து, சுடோவை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்பில் 'நோபாஸ்வேர்டு' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். டெர்மினல் கேட்பதை நிறுத்தும். ஜன்னல் பழையபடி வந்துகொண்டேதான் இருக்கும். நானும் ஒருமுறை அந்தக் கோப்பை அதற்கென்றே உள்ள விசுடோவில் திறக்காமல் சாதாரண எடிட்டரில் திறந்து, ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு சுடோ எதற்குமே மசியவில்லை. உபுண்டுவில் ரூட் என்ற தலைமைக் கணக்குப் பூட்டியே இருக்கும் என்பதால் அந்த வழியும் கிடையாது. பிகேஎக்செக் என்ற கட்டளை போல்கிட் வழியாகப் போவதால் அதைப் பிடித்துத் தப்பித்தேன். விசுடோவில் திறந்திருந்தால் சேமிக்கும் முன்பே பிழையைக் காட்டியிருக்கும்.

இப்போது உங்கள் கடை. உபுண்டு நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு அட்மின் கணக்கு. வேலையாட்களும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இருந்ததை எத்தனை வாடிக்கையாளர் பார்த்தார்களோ, எனவே முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் யூசர்ஸ் போய், அன்லாக் அழுத்தி, 'கடை' என்று புதிதாக ஒரு கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொத்தானைத் தொடாதீர்கள். இதற்கு வைக்கும் பாஸ்வேர்டு எளிமையாக இருக்கட்டும், வேலையாட்களுக்குத் தெரிந்தால் பாதகமில்லை. உங்கள் ஹோம் ஃபோல்டரையும் இந்தக் கணக்கிலிருந்து எட்டிப் பார்க்க முடியாது, 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு அதை மூடியே வைக்கிறது.

அப்படியானால் பிரிண்டர் நின்றால் இன்னும் மோசமாகுமே என்பீர்கள். ஆகும், ஒரு வேலையை விட்டுவிட்டால். பேப்பர் சிக்கி, கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு சில நேரம் அச்சு வரிசை நிறுத்திய நிலையிலேயே கிடக்கும். அதை மறுபடி ஓடவிடப் பிரிண்டர் நிர்வாக உரிமை வேண்டும். அதற்கு அட்மினாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்பிஅட்மின் என்று தனியாக ஒரு குழு இருக்கிறது; அதில் சேர்ந்தவர் பிரிண்டரை மட்டும் ஆளலாம். முதல் கணக்கு தானாகவே அதில் இருக்கும், பிறகு உருவாக்கும் சாதாரணக் கணக்கு இருக்காது. உங்கள் கணக்கில் டெர்மினலைத் திறந்து நான்கு சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்: சுடோ (sudo), அட்யூசர் (adduser), கடைக்கணக்கின் பெயர், எல்பிஅட்மின் (lpadmin). சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி, சொல்லுக்குள் இடைவெளி கூடாது. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் நகராது, பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள். அப்புறம் கடைக் கணக்கை லாகவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். இதைச் செய்யாமல் 'வேலை செய்யவில்லை' என்று எழுதுபவர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் டிரைவுக்கு வருவோம். வாடிக்கையாளரின் பென் டிரைவுக்குக் கேட்பதில்லை, கவனித்திருப்பீர்கள். கழற்றி மாட்டும் டிரைவை எதிரில் உட்கார்ந்திருப்பவரே திறக்கலாம். மெஷினுக்குள் இருக்கும் டிரைவுக்கு அட்மின் அனுமதி தேவை. டிஸ்க்ஸ் என்ற ஆப்பில் அந்தப் பகுதியைத் தேர்ந்து, பல்சக்கரத்தை அழுத்தி, எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ் போங்கள். யூசர் செஷன் டிஃபால்ட்ஸை அணைத்து, சிஸ்டம் தொடங்கும்போதே மவுண்ட் ஆகும்படி, அதாவது டிரைவ் திறந்து தயாராக இருக்கும்படி, டிக் செய்யுங்கள். இனி கேட்காது. அதில் பழைய கணக்கு வழக்கு ஏதாவது கிடந்தால் அதற்கு முன்பே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள், அந்த டிரைவ் இனி எல்லோருக்கும் திறந்திருக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் கடைக் கணக்கில் ஒரு ஜன்னல் வந்து பாஸ்வேர்டு கேட்டால், அதில் உங்கள் பெயர் இருக்கும். பாதுகாப்பு அப்டேட்டுகள் பின்னணியில் தானாக ஏறிவிடும், அதற்காக உங்களைக் கூப்பிட மாட்டார்கள். எனவே அப்படி ஒரு ஜன்னல் வந்தால் யாரோ எதையோ நிறுவப் பார்க்கிறார்கள் அல்லது மாற்றப் பார்க்கிறார்கள். ஜன்னலில் என்ன செய்ய அனுமதி கேட்கிறது என்று ஒரு வரி இருக்கும். போனில் அதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாலு நாள் வெளியூர் போகிறீர்களா? உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். இருவரில் நம்பிக்கையானவருக்கு அவர் பெயரிலேயே ஓர் அட்மின் கணக்குப் போட்டுக் கொடுங்கள். சுடோ ஒவ்வொரு கட்டளையையும் யார், எத்தனை மணிக்கு அடித்தார் என்று பதிந்துவைக்கும். திரும்பி வந்ததும் அதே யூசர்ஸ் பக்கத்தில் அட்மின் பொத்தானை அணைத்துவிட்டால் அவர் சாதாரணக் கணக்காகிவிடுவார், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.