குழுமக் கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: 2002-லிருந்து ஏழெட்டு வருஷம் ஒரு யாஹூ குழுமத்தில் (ஈமெயில் வழி அரட்டைக் குழு) தமிழில் கடிதம் எழுதிப் பழகினோம். அந்தப் பழைய கம்ப்யூட்டரை இந்த வாரம் எடைக்குப் போடப் போகிறார்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற பழைய ஈமெயில் புரோகிராமில் கடிதங்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் எழுத்தும் புரியவில்லை. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: முடியும். முதலில் எடைக்குப் போடுவதை நிறுத்துங்கள். யாஹூ குழுமங்களின் தளமே 2020 டிசம்பர் 15-ல் மூடப்பட்டுவிட்டது. டயல்-அப் காலத்தில் போன் பில்லுக்குப் பயந்து கடிதங்களை இறக்கியதும் இணைப்பைத் துண்டிப்பது வழக்கம்; இறக்கியவை பெரும்பாலும் சர்வரிலிருந்து அழிந்துவிடும். உங்கள் டிஸ்கில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

கம்ப்யூட்டர் பூட் ஆனால் வேலை சுலபம். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் கடிதங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள் இழுத்து விடுங்கள். ஒவ்வொன்றும் தனி இஎம்எல் (.eml) ஃபைலாகிவிடும். தண்டர்பேர்ட் என்ற இன்றைய ஈமெயில் புரோகிராமில் அவை திறக்கும்.

பூட் ஆகாவிட்டால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐடிஇ–யுஎஸ்பி கன்வெர்ட்டர் (பழைய டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் கருவி) வாங்குங்கள். மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டரும் சேர்ந்து வர வேண்டும். யுஎஸ்பி மின்சாரம் மட்டும் போதாது. டிஸ்கின் பின்புறமுள்ள ஜம்பர் என்ற சிறு செருகி 'மாஸ்டர்' நிலையில் இருக்கட்டும். 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடிதங்கள் டிபிஎக்ஸ் (.dbx) ஃபைல்களில் இருக்கும். ஃபோல்டர் மறைந்திருப்பதால், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லித் தேடுங்கள்.

எழுத்து புரியாததற்குக் காரணம், அவை, இன்று எங்கும் புழங்கும் யூனிகோடுக்கு முந்தைய, திஸ்கி (TSCII) என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருப்பதாக இருக்கலாம். ஃபான்டை மாற்றிப் படிக்கலாம். ஆனால் தேட முடியாது, போனில் தெரியாது. திஸ்கியில் கொம்பு (ெ, ே), அது சேரும் எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். அதனால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி தேவை. பத்துக் கடிதங்களை மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். 'இங்கே' என்பது 'ங்கே' ஆகியிருந்தால் பயப்படாதீர்கள். திஸ்கியில் 'இ' இருந்த இடம் லத்தீன் (ஆங்கில எழுத்து) குறியீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஹைபன். காப்பி–பேஸ்ட் செய்யும்போது அது உதிர்ந்துவிடும். ஃபைலாகவே மாற்றினால் 'இ' தப்பிவிடும். எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டிருந்தால் மட்டும், மன்னியுங்கள், அந்தக் கடிதம் போனதுதான்.

கேள்வி: அந்தக் காலத்து நண்பர்களின் பழைய ஈமெயிலுக்கு எழுதலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: தாராளமாக எழுதுங்கள், கொஞ்சம் கவனத்தோடு. 12 மாதம் பயன்படாத முகவரிகளை யாஹூ 2013-ல் வேறு ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் கடிதம் முன்பின் தெரியாதவருக்குப் போகலாம். முதல் கடிதத்தில் போன் நம்பரோ வீட்டு விஷயமோ வேண்டாம். குழுமத்தின் பெயரையும், அவரும் நீங்களும் எந்த விவாத இழையில் மல்லுக்கட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அசல் ஆள் என்றால் அதே சண்டையைத் தொடர்வார்.

கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கும் எண்ணம் இருந்தால் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேளுங்கள். கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு. அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு வாரிசுகளுக்கு.

நண்பர் காலமாகியிருந்தால், அவர் எழுதியவற்றைத் தனி ஃபோல்டராக்கிக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். அப்பா நடுராத்திரியில் யாருக்கு என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. கடிதத்தின் தலைப்பு வரிகளை (ஹெடர்) மட்டும் வெட்டிவிடாதீர்கள். தேதியும் நேரமும் அங்கேதான் இருக்கின்றன.