நிணநீர் முடிச்சுல (லிம்ஃப் நோடு) இருக்குற கொலாஜன், லாமினின்ங்கிற புரதங்கள் எல்லாம் உறுப்பைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தானா?

இல்லைங்க. இந்தப் புரதங்களால ஆன மெல்லிய வலை மாதிரி நாருக்குத்தான் ரெட்டிகுலார் நார்னு பேரு. பாடப் புத்தகத்துல "ரெட்டிகுலார் நார்கள் உறுப்பைத் தாங்குகின்றன"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப ஆதங்கம், ஏன்னா விஷயமே அதுக்கு அப்புறம்தான் இருக்கு.

நான் பேத்தாலஜி லேப்ல இருக்கேன். திசுவைப் பார்க்க வழக்கமா போடுற ஹெச் அண்ட் ஈ சாயத்துல இந்த நார் கண்ணுலயே சரியா படாது, மெழுகுல பதிச்ச அதே திசு பிளாக்ல இன்னொரு செக்‌ஷன் வெட்டி சில்வர் ஸ்டெயின் போட்டா கறுப்பு இழை இழையா முடிச்சு முழுக்க ஓடுறது தெரியும்.

அந்த இழை ஒவ்வொண்ணும் ஒரு குழாய். கரண்ட் ஒயர் மாதிரி நினைச்சுக்கோங்க, நடுவுல கொலாஜன் 1, 3 கட்டு, அதைச் சுத்தி லாமினின், கொலாஜன் 4, பெர்லிகன்ங்கிற இன்னொரு புரதம் எல்லாம் சேர்ந்த உறை, அதுக்கும் மேல இந்த நாரை உண்டாக்குற ஃபைப்ரோபிளாஸ்டிக் ரெட்டிகுலார் செல் போர்த்தியிருக்கும். நிணநீர்ல வர்ற சின்ன மூலக்கூறுகள், சுமார் 70 கிலோடால்டன் (மூலக்கூறு எடையோட அலகு) எடைக்கு உள்ள இருக்குறது மட்டும், அந்த கொலாஜன் இடுக்கு வழியா உள்ள போகும். பக்கத்துல உக்காந்திருக்குற டென்ட்ரிடிக் செல் (கிருமியை மத்த செல்லுக்கு அடையாளம் காட்டுற எதிர்ப்பு செல்) குழாய்க்குள்ள கையை விட்டு ஆன்டிஜனை, அதாவது கிருமியோட அடையாளத் துணுக்கை, எடுத்துக்கும், கீமோகைன்ங்கிற செல்லை அழைக்குற சிக்னல் புரதம் இதே வழியா ரத்தக்குழாய் வரைக்கும் போய் லிம்ஃபோசைட்டை (ஒரு வகை வெள்ளை அணு) உள்ள இழுக்கும். மண்ணீரல்ல லிம்ஃபோசைட் கூடியிருக்குற வெள்ளைக் கூழ் பகுதியிலயும் இதே அமைப்பு உண்டு.

கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுது இல்லையா, அப்போ முடிச்சு சில நாள்லயே பல மடங்கு பெருசாகணும், விறைப்பா இருந்தா எப்படி பெருகும்? அதுக்குத்தான் டென்ட்ரிடிக் செல் மேல இருக்குற க்ளெக்-2ங்கிற புரதம் வந்து ரெட்டிகுலார் செல் மேல இருக்குற போடோபிளானின்ங்கிற புரதத்துல ஒட்டுது, உடனே அந்த செல் இறுக்கத்தை விட்டு நீள ஆரம்பிக்குது. எவ்ளோ அழகான ஏற்பாடு பாருங்க.

இது கெட்டா என்ன ஆகும்னு எச்ஐவில நல்லா தெரியும். நாள்பட்ட அழற்சியால டிஜிஎஃப்-பீட்டாங்கிற, தழும்பு உண்டாக்கத் தூண்டுற சிக்னல் புரதம் ஏறி, முடிச்சுல டி செல் (ஒரு வகை லிம்ஃபோசைட்) இருக்குற பகுதியில கொலாஜன் கண்டபடி படியுது, டி செல் ரெட்டிகுலார் செல்லைத் தொட முடியாம போயிடுது, அங்கதான் அது உயிர் வாழத் தேவையான ஐஎல்-7ங்கிற சிக்னல் புரதம் கிடைக்கும், அது இல்லாம நைவ் டி செல் (இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத டி செல்) சாகுது, அப்புறம் அந்த ரெட்டிகுலார் செல் வலையும் கலைஞ்சு போகுது. மருந்து வைரஸை அடக்கினாலும் சிலருக்கு சிடி4 (எச்ஐவி குறிவைக்குற டி செல் வகை) எண்ணிக்கை சரியா ஏறாததுக்கு இந்தத் தழும்பும் ஒரு காரணம். ஏஆர்டியை (எச்ஐவிக்கான மருந்து சிகிச்சை) தள்ளிப்போடாம சீக்கிரம் ஆரம்பிங்கன்னு சொல்றதுக்குப் பின்னாடி இதுவும் இருக்கு.