‘மேக்ரோ’ என்று எழுதியிருந்தால் போதுமா? பூச்சியும் காட்டுப்பூவும் படமெடுக்க வாங்குபவர்களுக்குக் கேள்வி-பதில்

கேள்வி: பெட்டியிலேயே ‘மேக்ரோ’ என்று அச்சடித்திருந்த ஒரு ஜூம் லென்ஸை வாங்கினேன். எறும்பை எடுத்தால் ஒரு புள்ளி மாதிரிதான் விழுகிறது. விற்றவரிடம் கேட்டால் “மேக்ரோன்னா இதுதான்” என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக வருகிறது. அந்தச் சொல்லை மறந்துவிடுங்கள், எண்ணை மட்டும் பாருங்கள். லென்ஸின் விவரப் பட்டியலில் ‘மேக்சிமம் மேக்னிஃபிகேஷன்’ (அதிகபட்ச உருப்பெருக்கம்) என்று ஒரு வரி இருக்கும். அதில் 1:1 அல்லது 1எக்ஸ் என்று இருந்தால்தான் முழு மேக்ரோ, அதாவது 1 செ.மீ. நீளமுள்ள பூச்சியின் பிம்பம் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் மீதும் அதே 1 செ.மீ. நீளத்துக்கு விழும். ஜூம் லென்ஸ்களில் ‘மேக்ரோ’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 1:4 (நிஜ அளவில் கால் பங்கு), கொஞ்சம் நல்லதாக இருந்தால் 1:2 (பாதி). நிக்கான் நிறுவனம் தன் முழு மேக்ரோ லென்ஸ்களை ‘மைக்ரோ’ என்று அழைக்கிறது, அதைப் பார்த்து வேறு ஏதோ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல் ஒன்றை எடுங்கள். ஜூமை முழுசாக நீட்டி, ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தை மிக அருகில் என்ற முனைக்குத் திருப்புங்கள். அப்புறம் கேமராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி ஸ்கேலின் கோடுகள் பளிச்சென்று தெரியும் இடத்தில் ஒரு படம் எடுங்கள். படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மி.மீ. என்று எண்ணுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (அதன் சென்சார் 36 மி.மீ. அகலம்) 36 மி.மீ. தெரிந்தால் அது 1:1. 72 தெரிந்தால் 1:2, 144 தெரிந்தால் 1:4. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1:1-க்கு சுமார் 23.5 மி.மீ., 1:4-க்கு 94 மி.மீ. வரும். 94 மி.மீ. அகலக் களத்தில் 5 மி.மீ. எறும்பு என்பது பத்தொன்பதில் ஒரு பங்கு, புள்ளியாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

திருப்பிக் கொடுப்பது பற்றி: விவரப் பட்டியலில் 1:1 என்று போட்டுவிட்டு ஸ்கேல் வேறு சொன்னால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது, அந்த ஸ்கேல் படத்தையே ஆதாரமாக அனுப்புங்கள். பட்டியலில் 1:4 என்று சரியாகப் போட்டு, பெட்டியில் மட்டும் மேக்ரோ என்று இருந்தால் வாதாடுவது கடினம். ஆனால் திருப்பித் தருவதற்கு முன் அடுத்த கேள்வியையும் படித்துவிடுங்கள், அந்த லென்ஸ் வீண் இல்லை.

இன்னொன்று. ‘35 மி.மீ. கணக்கில் 4 மடங்கு’ என்பது போன்ற விளம்பரங்களைப் பார்ப்பீர்கள், 35 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமைத்தான் குறிக்கும். ஓஎம் சிஸ்டம் என்ற கேமரா பிராண்டின் 90 மி.மீ. மேக்ரோ உண்மையில் 2 மடங்குதான், சிறிய சென்சாரில் களம் பாதியாகச் சுருங்குவதால் 4 என்று ஆகிறது. இது பொய் இல்லை, லென்ஸும் அருமையானது. ஆனால் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஒருவரின் சமானக் கணக்கையும் இன்னொருவரின் நேர்க்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரியில் படிக்கிறேன். கேமராவோடு வந்த 18-55 லென்ஸும் ஒரு 55-250 லென்ஸும் இருக்கின்றன. மேக்ரோ லென்ஸ் வாங்க வசதி இல்லை. எக்ஸ்டென்ஷன் டியூப், குளோசப் லென்ஸ், ரிவர்ஸ் ரிங் மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, உங்களிடம் 55-250 இருப்பதால் யோசிக்கவே வேண்டாம், அதன் முன்னால் மாட்டும் நல்ல குளோசப் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். ‘நல்ல’ என்று அழுத்திச் சொல்கிறேன். +1, +2, +4, +10 என்று நாலைந்தை ஒரு பையில் போட்டு மலிவாக விற்கிறார்களே, அவை ஒற்றைக் கண்ணாடி. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். வெட்டுக்கிளியின் காலில் இருக்கும் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை என்று கரை கட்டியிருந்தது. ‘அக்ரோமேட்’ வகை என்று கேட்டு வாங்க வேண்டும், அதில் வேறுவேறு கண்ணாடிகளை ஒட்டி இந்த நிறப்பிரிவைச் சரிசெய்திருப்பார்கள். ரேனாக்ஸ் டிசிஆர்-250 பலருக்கும் பழக்கமானது, சக்தி +8. டிசிஆர்-150 கொஞ்சம் மிதமானது, +4.8. இரண்டும் 52 முதல் 67 மி.மீ. வரை விட்டமுள்ள லென்ஸ்களில் கிளிப் போல் கவ்விக்கொள்ளும்.

கணக்கு எளிது. ஆயிரத்தை அந்தச் சக்தியால் வகுத்தால் குளோசப் லென்ஸின் குவியத்தூரம் (லென்ஸ் பெயரில் 50, 250 என்று வருவதும் இதுதான்) மி.மீ.-இல் கிடைக்கும். +8 என்றால் 125. உங்கள் ஜூமை 250-க்கு நீட்டி, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் 250-ஐ 125-ஆல் வகுத்து 2 மடங்கு. பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இடைவெளியும் இருக்கும், ஜூமைக் குறைத்தாலும் அந்த இடைவெளி மாறாது. பல முழு மேக்ரோ லென்ஸ்களாலேயே தொட முடியாத உருப்பெருக்கம் இது. ஆரம்பத்தில் +4.8 பழகுவதற்குச் சுலபம், இரண்டில் ஒன்றுதான் என்றால் அதையே சொல்வேன்.

டியூப் என்பது உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய், லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவுதான். கண்ணாடி இல்லாததால் பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள். ஆனால் உள்ளே மின் இணைப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இல்லையென்றால் இன்றைய பெரும்பாலான லென்ஸ்களில் அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையின் அளவை) மாற்றவே முடியாது. டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் எவ்வளவு கூடும் என்று தெரிந்துவிடும். 36 மி.மீ. டியூபை 50 மி.மீ. லென்ஸில் போட்டால் 0.72 கூடுகிறது, உங்கள் 250-இல் போட்டால் வெறும் 0.14. ஆக, டியூப் 50 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கு.

ரிவர்ஸ் ரிங் மிக மலிவு, 18-55-ஐத் திருப்பி மாட்டலாம். ஆனால் பூச்சி கண்ணாடியை ஒட்டி நிற்க வேண்டும், லென்ஸின் பின்கண்ணாடி தூசியைப் பார்த்துக்கொண்டிருக்கும், அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் இல்லாவிட்டால் அதையும் மாற்ற முடியாது. முதல் வாங்கலாக வேண்டாம்.

கேள்வி: 60, 100, 180 மி.மீ. என்று மேக்ரோ லென்ஸ்கள் இருக்கின்றன. எல்லாமே 1:1 என்றால் எதற்கு அதிகம் கொடுத்து நீளமானதை வாங்க வேண்டும்?

பதில்: இடைவெளிக்காக. விவரப் பட்டியலில் ‘மினிமம் ஃபோகஸ்’ 30 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். அது சென்சாரிலிருந்து அளந்தது, லென்ஸின் முனையிலிருந்து இல்லை! நடுவில் லென்ஸின் நீளம், கேமராவின் ஆழம் எல்லாம் போக, 100 மி.மீ. லென்ஸில் 1:1-க்கு முனைக்கும் பூச்சிக்கும் நடுவே சுமார் 14 செ.மீ.தான் மிஞ்சும். 60 மி.மீ. லென்ஸில் 9 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. அதன் மேல் ஒரு ஹூடை (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் வளையம்) மாட்டினால் தட்டானின் இறக்கையில் இடித்துவிடுவீர்கள். அதனால் வாங்கும் முன் ‘வொர்க்கிங் டிஸ்டன்ஸ்’ எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

பூவும் பாசியும் காளானும் மட்டும் போதும் என்பவருக்கு 60 தாராளம், எடையும் குறைவு. பூச்சி என்றால் 90 முதல் 105 வரை. 180 கனமானது, கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் குனிந்து நிற்கும்போது அந்தக் கனம் தெரியும், வண்ணத்துப்பூச்சியே கதி என்று இருப்பவருக்கு மட்டும் அது.

கேள்வி: மேக்ரோ லென்ஸ் வாங்கிவிட்டேன், படம் மங்கலாகவும் இருட்டாகவும் வருகிறது. எல்இடி ரிங் லைட் வாங்கலாமா, ஃபிளாஷ் வாங்கலாமா? அல்லது லென்ஸே கோளாறா?

பதில்: லென்ஸ் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வெளிச்சம் போதவில்லை. எனக்கு மட்டும் விட்டால் இந்தக் கேள்விக்கான பதிலை எல்லா மேக்ரோ லென்ஸ் பெட்டியிலும் அச்சடித்துக் கொடுப்பேன், ஏனென்றால் லென்ஸுக்கு அத்தனை பணத்தையும் கொட்டிவிட்டு வெளிச்சத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல், கடைசியில் அந்த லென்ஸையே வெறுத்து விற்றுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்ன நடக்கிறது என்றால், 1:1 நெருக்கத்தில் அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்தாலும் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) சென்சாருக்குப் போய்ச் சேர்வது எஃப் 16-க்கு உரிய வெளிச்சம், அதாவது நாலில் ஒரு பங்கு. அப்படி வைத்தும் ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஃபுல் ஃபிரேமில் சுமார் 1 மி.மீ. ஈயின் கண் தெளிவாக இருந்தால் அதன் இறக்கை மங்கிவிடும். ஆழம் வேண்டும் என்று எஃப் 22-க்குப் போனால் ஒளி அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் வளைந்து பரவி மொத்தப் படமும் மொழுக்கென்று ஆகிவிடும். எஃப் 8, எஃப் 11, இந்த இரண்டுக்குள்தான் நம் பிழைப்பு. அதோடு பூ ஆடுகிறது, பூச்சி நடக்கிறது, நம் கையும் நடுங்குகிறது.

இத்தனையையும் எல்இடி ரிங் லைட் சமாளிக்காது, அதன் வெளிச்சம் கண்ணுக்குப் பிரகாசம், சென்சாருக்குப் போதாது. ஃபிளாஷ் அப்படியில்லை. குறைந்த சக்தியில் வைத்தால் அது வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போலச் சட்டென்று அடித்து அணையும், அந்த நேரத்துக்குள் எந்த இலையும் அசைய முடியாது. மேக்ரோவுக்கென்று விற்கும் விலையுயர்ந்த இரட்டை ஃபிளாஷ் தேவையில்லை. மேனுவலாகச் சக்தியைக் குறைக்க முடிகிற சாதாரண ஃபிளாஷ் போதும்.

ஆனால் வெறும் ஃபிளாஷை அடிக்காதீர்கள். பொன்வண்டின் முதுகு ஒரு கண்ணாடி மாதிரி, எதிரே இருக்கும் விளக்கு அப்படியே அதில் தெரியும். ரிங் லைட் என்றால் முதுகில் ஒரு வெள்ளை வளையம், வெறும் ஃபிளாஷ் என்றால் ஒரு வெளுத்த கட்டம், பச்சையும் பொன்னும் அந்த இடத்தில் காணாமல் போய்விடும். மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் தாளையோ பேக்கிங்குக்குச் சுற்றி வரும் மெல்லிய ஃபோமையோ வளைத்து, லென்ஸின் முனைக்கு மேல் ஒரு கூரை போல் நீட்டிக் கட்டுங்கள். வெளிச்சத்தைப் பரப்பும் இந்த டிஃப்யூசர் பெரிதாகவும் பூச்சிக்கு அருகிலும் இருக்க வேண்டும், ஃபிளாஷின் தலையில் ஒட்டி வரும் சின்ன மூடி இதற்கு உதவாது.

கேள்வி: சார், புதிதாக ஃபோன் வாங்கப் போகிறேன். ‘மேக்ரோ கேமரா’ இருப்பதாகப் போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: தனியாக 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா என்று இருந்தால் அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அதில் ஆட்டோஃபோகஸ் இருக்காது, படமும் சொதசொதவென்று இருக்கும். அல்ட்ராவைட் (அகலமான காட்சி எடுக்கும்) கேமராவில் ஆட்டோஃபோகஸ் உண்டா என்று பாருங்கள், அதுதான் சங்கதி. 2021-ல் வந்த ஐஃபோன் 13 ப்ரோ அப்படித்தான் 2 செ.மீ. வரை நெருங்குகிறது. அந்த நெருக்கத்தில் ஃபோனின் நிழலே பூச்சி மேல் விழும் என்பதையும் மனதில் வையுங்கள். பூவுக்கு, இலை நரம்புக்கு, சாவகாசமான நத்தைக்கு நன்றாகவே உதவும்.

கேள்வி: பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கேனன் எம்பி-ஈ 65-உம் ஒருவர் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்ட வெண்மை தெரிந்தால் பூஞ்சை, அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நாலு தூசி இருந்தால் ஒன்றும் ஆகாது. முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலும் பெரிதில்லை, பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுங்குகிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையத்தை முழுத் தூரமும் திருப்புங்கள், குறிப்பாக மிக அருகில் என்ற முனையில் பிசகுகிறதா, உரசுகிறதா என்று கவனியுங்கள், மேக்ரோ லென்ஸ் அதிகம் உழைப்பது அங்கேதான். ஸ்கேலைக் கையோடு கொண்டுபோங்கள்.

எம்பி-ஈ 65 ஒரு அற்புதம், ஆனால் உங்களுக்கு முதல் லென்ஸாக வேண்டாம். அது 1 மடங்கில் தொடங்கி 5 மடங்கு வரை போகும், 1-க்குக் கீழே இறங்கவே இறங்காது. ஒரு முழுத் தட்டானைக்கூட சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது, ஆட்டோஃபோகஸும் கிடையாது.

கேள்வி: பூச்சி ஓடாமல் இருக்க சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்கிறார்கள். அதற்கென்று மூடியோடு சின்னப் பெட்டிகளும் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தயவுசெய்து. குளிரில் விறைத்துக் கால் மடங்கிக் கிடக்கும் பூச்சியைப் பழகிய கண் பார்த்ததும் கண்டுபிடித்துவிடும், அந்தப் படத்தில் உயிர் இருக்காது. சில பூச்சிகள் அதிலிருந்து எழாமலேயே போகும். செடியைப் பிடுங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதும் இதே கதைதான்.

அதற்குப் பதில் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், செலவில்லை. பூச்சியின் உடம்புக்குச் சொந்தச் சூடு பெரும்பாலும் கிடையாது, விடிகாலைக் குளிரில் அது பறக்க முடியாமல் தானாகவே அசையாமல் இருக்கும். விடிவதற்குச் சற்று முன் ஒரு புல்வெளி ஓரத்தில் முழங்காலிட்டு, புல் தண்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசித்தட்டான் ஒன்று தண்டை அணைத்தபடி தொங்கிக்கொண்டிருக்கும், கண் இரண்டிலும் பனித்துளி கோத்து வைத்தது போல் இருக்கும், நீங்கள் ஒரு பக்கமாக நகர்ந்தால் அது தண்டின் மறுபக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொள்ளும். அவசரப்படாமல் இருந்தால் பத்து இருபது படங்கள் எடுக்கலாம். பிறகு வெயில் அதன் மேல் படும், அது முன்காலைத் தூக்கிக் கண்ணிலிருக்கும் நீரை வழித்துத் துடைக்கும். அதை ஒரு படம் எடுங்கள். அப்புறம் சிறகு உலர்ந்ததும் போய்விடும்.