பாம்பு கடித்தது தாயை, அறை விழுந்தது செவிலியருக்கு

கேள்வி: தை மாத அறுவடையின்போது எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் தாயாரை வயலில் பாம்பு கடித்துவிட்டது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் ரத்தம் எடுத்துவிட்டு, ஊசி போடாமல் சும்மாவே இருந்தாராம். பதற்றத்தில் பையன் அறைந்துவிட்டான். தாயார் பிழைத்துவிட்டார், பையன் மீது ஜாமீனில் வர முடியாத வழக்கு. ஓர் அறைக்கு இவ்வளவா?
– ஒரு வாசகர், நன்னிலம்

பதில்: அந்தச் செவிலியர் சும்மா இருக்கவில்லை. விரியன் நஞ்சு ஏறியிருக்கிறதா என்று அறிய, 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். உறைந்திருந்தாலும் விட்டுவிடுவதில்லை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும் என்பதால், இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அறிகுறி தெரியும் முன்பே நஞ்சுமுறி மருந்தை ஏற்றினால், அதன் ஒவ்வாமையே ஆளைச் சாய்த்துவிடக்கூடும். இதைப் பையனிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லையென்றால் அது குறைதான். ஆனால் அந்தக் குறைக்கு அந்தப் பெண்ணின் கன்னம் பொறுப்பல்ல.

பதற்றம் என்கிறீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறோம். அங்கேயும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் பட்டியல் எழுத்தரை யாரும் அறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரவுப் பணியில் இருக்கும் ஒரு பெண், திருப்பி அடிக்க மாட்டார், ஒப்பந்தப் பணியாளராக இருந்தால் புகார் கொடுக்கவும் தயங்குவார் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை என்று தமிழ்நாடு 2008-லேயே சட்டம் இயற்றிவிட்டது. அதில் மருத்துவருக்கு ஒரு நீதி, செவிலியருக்கு ஒரு நீதி என்பது கிடையாது. 'ஜாமீனில் வர முடியாத' என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள், நீதிமன்றம் நினைத்தால் வழங்கலாம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், அதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என்று மத்திய சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அடிபட்டவரையே அழைத்து, 'பெரிதுபடுத்தாதேம்மா' என்று சமாதானம் பேசி அனுப்பும் வழக்கம் இருப்பதால்தான் அப்படி எழுத வேண்டியிருந்தது என்பது என் எண்ணம். உங்கள் ஊர் விஷயத்தில் யாரோ ஓர் அதிகாரி அப்படிச் செய்யாமல் புகாரை அனுப்பியிருக்கிறார். அவரைப் பாராட்டத் தோன்றுகிறது.

தாயார் பிழைத்ததை எழுதிய நீங்கள், அந்தச் செவிலியர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. விசாரிக்க வேண்டுமென்று இப்போது தோன்றினாலும், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி அவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். பையனின் வயதும் அன்றைய நிலைமையும் தண்டனையைக் குறைக்கும் என்று நினைத்தால், அதை வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.