இருக்கும் டப்பாவை எறியாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம். சமையலறை டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் மாறிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நன்றாக இருக்கும் டப்பாவை எறிந்தால் குப்பைதான் கூடும். முதலில் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். 2, 5 என்றால் உலர்ந்த பொருள்களைப் போட்டு வைக்க வருடக்கணக்கில் உழைக்கும். 1 என்பது தண்ணீர் பாட்டில் ரகம். 70 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும், வெந்நீர் ஊற்றக் கூடாது. 3, 6 உணவுக்கு வேண்டாம். ஆணி, பட்டன் போட்டு வையுங்கள். 7 பல ரகங்களின் கலவை என்பதால் அதையும் உணவுக்குத் தவிர்ப்பதே நல்லது.

எண் 5 சூடு தாங்கும்தான். ஆனாலும் சூடு ஏற ஏற அதிலிருந்து உதிரும் நுண்துகள்களும் கூடும். ஆறிய பிறகே உணவை மாற்றுங்கள். உள்பக்கம் கீறல் விழுந்து, எத்தனை முறை தேய்த்தாலும் பிசுக்குப் போகாத டப்பாவுக்குச் சமையலறையிலிருந்து ஓய்வு கொடுத்துவிடலாம்.

உண்மையில் மாற்ற வேண்டியவை, ஒரே முறை பயன்படுத்தி எறிபவை. ஒரு வாரத்துப் பிளாஸ்டிக் குப்பையை மட்டும் கழுவி, காயவைத்து, தனியே சேருங்கள். ஏழாம் நாள் தரையில் கொட்டி ரகம் பிரித்து எண்ணுங்கள். எடை பார்க்காதீர்கள், உறைகள் எடையே இல்லாமல் ஏமாற்றிவிடும். எது அதிகமோ, அந்த ஒன்றுக்கு மட்டும் முதலில் மாற்று தேடுங்கள். பத்தையும் ஒரே நாளில் மாற்றப் போகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

பதில்: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஜாடி கழுத்தருகே குறுகியிருந்தால், மேலெழும் பனிக்கட்டி அந்த வளைவில் முட்டும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வாய் அகன்ற, பக்கங்கள் நேராக உள்ள ஜாடியாகப் பாருங்கள். மேலே 3 செ.மீ. இடம் விடுங்கள். நன்றாக ஆறவிட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, அதன் பிறகே ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். உறையும் வரை மூடி தளர்வாகவே இருக்கட்டும். எடுத்தவுடன் வெந்நீரில் வைத்தாலும் உடையும்.

கேள்வி: 'மக்கும்' என்று அச்சிட்ட பையைத் தோட்டத்தில் புதைத்தேன். ஆறு மாதம் கழித்துத் தோண்டினால் எழுத்துகூட அழியவில்லை. ஏமாற்று வேலையா?

பதில்: பல பைகளில் அந்தச் சொல் பாதி உண்மை. சோள மாவுச்சத்து, கரும்புச் சர்க்கரை போன்றவற்றிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமில வகைகள் மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் வாரக்கணக்கில் வேண்டும். பெரிய உர ஆலைகளில்தான் அது நடக்கும். தோட்டத்து மண் அவ்வளவு சூடாவதில்லை. 'வீட்டு உரத்தொட்டியில் மக்கும்' என்ற சான்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பைகளை மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்கோடு சேர்க்காதீர்கள், சேர்த்த மொத்தமும் கெடும். 'ஆக்ஸோ' என்று போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். அது சாதாரண பிளாஸ்டிக்தான், வேதிப்பொருள் கலந்திருப்பதால் சீக்கிரம் தூளாகும், அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதைத் தடை செய்துவிட்டது.

கேள்வி: இலவசமாகக் கிடைத்த துணிப்பைகள் வீட்டில் முப்பது சேர்ந்துவிட்டன. நல்லதுதானே?

பதில்: இல்லை. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் நிறையச் செலவாகின்றன. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, புவி வெப்பமாதலில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும். நான்கு பை போதும்; இனி யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: துணி துவைப்பதிலும் பிளாஸ்டிக் கலக்கிறதாமே?

பதில்: ஆம். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாமே பிளாஸ்டிக் இழைகள். புதுத்துணி முதல் சில சலவைகளில்தான் அதிகம் உதிர்க்கும். துணி குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தால் உதிர்வு கூடும். ஆகவே இயந்திரம் நிறையும் வரை சேர்த்து, 30 டிகிரியில், குறைந்த நேரச் சுற்றில் துவையுங்கள். கழிவுநீர்க் குழாயில் வடிகட்டி பொருத்தியிருந்தால், அதில் சேரும் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். அலசினால் பிடித்த இழை மறுபடி சாக்கடைக்கே போகும். காயவிட்டு, கையால் வழித்து, குப்பையில் போடுங்கள்.