மேலாள், அடுத்தாள், ஈஸ்ட் – கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

என் மகள் வயிற்றுப் பேரன் வெளியூரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறான். ஈஸ்ட்டில் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை ஒவ்வொன்றாக நீக்கி, என்ன கெடுகிறது என்று பார்ப்பதுதான் வேலையாம். எங்கள் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். மேலாள் ஊருக்கு வந்துவிட்டால் அடுத்தாள் பார்த்துக்கொள்வார், கடை அதுபாட்டுக்கு நடக்கும். அப்படியிருக்க, ஒருவரை எடுத்துவிட்டு அவர் வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் ஆப்ப மாவில் போடுகிற ஈஸ்ட்டில்?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

ஆப்பத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றினார்களே, அதைப் பொங்க வைத்ததும் இதே ஈஸ்ட்தான். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிவிடும். ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்புதான் மரபணு; அதை எடுத்துவிட்டால் அந்தப் புரதமும் இல்லை. நமக்குப் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டு. ஈஸ்ட்டை ஒற்றைப் பிரதியோடே வளர்க்கலாம். ஒன்றை எடுத்தால் எடுத்ததுதான்.

உங்கள் கேள்வி பேரனின் ஆசிரியர்களே கேட்கிற கேள்வி. 1996இல் ஈஸ்ட்டின் முழு மரபுத்தொகுதியையும் படித்து முடித்தார்கள். சுமார் 6,000 மரபணுக்கள். பிறகு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில், ஏறத்தாழ 1,000 மரபணுக்களில் ஏதாவது ஒன்றை எடுத்தால் மட்டுமே ஈஸ்ட் செத்தது. மற்றதில் எதை எடுத்தாலும், நல்ல தீனி போட்டால் பிழைத்துக்கொண்டது. ஐயா கடை மாதிரியேதான். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டிரண்டாக எடுக்கிறார்கள். சுவாரசியமே அங்கேதான்.

பேரேடு பெட்டகத்துக்குள் இருக்கிறது, வேலைக்கு வேண்டியதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி வெளியே அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். பேரேடு மரபுத்தொகுதி, அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. சீட்டின் முடிவில் 'ஏ' என்ற ஒரே எழுத்து வரிசையாக நீண்டு ஒரு வால். அந்த வாலில் உட்கார்ந்திருக்கும் புரதம் பாப்1. சீட்டு சீக்கிரம் கிழிந்து போகாமலும், அதைப் படித்துப் புரதம் செய்யும் வேலை ஒழுங்காகத் தொடங்கவும் அது உதவுகிறது. பாப்1 அந்த ஆயிரத்தில் ஒன்று, எடுத்தால் சாவு. சரி, இது மேலாள் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பாப்1ஐ ஒட்டிக்கொண்டு பிபிபி1 என்று இன்னொரு புரதம் உண்டு. 1998இல் இரண்டையும் சேர்த்து எடுத்தார்கள். ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது!

மேலாள் இல்லாமல் கடை மூடிக் கிடக்கிறது. பெட்டியடிப் பையனையும் வீட்டுக்கு அனுப்பினால் கடை திறக்கிறது. பெட்டிச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தவன் அவன், மேலாள் சொன்னால்தான் விடுவான். உவமை முழுக்கப் பொருந்தாது. ஆனால் இருவரும் எதிரெதிராக இழுக்கிறார்கள் என்பது, ஒருவரை மட்டும் எடுத்திருந்தால் தெரிந்தே இருக்காது.

கதை இதோடு நிற்கவில்லை. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். என்ற கொடிய நோயில், டிடிபி-43 என்ற புரதம் அந்தச் செல்களில் கட்டிகட்டியாகச் சேர்கிறது. அதுவும் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கிற புரதம்தான். மனித டிடிபி-43ஐ ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். குளுக்கோஸ் கொடுத்தால் அது உருவாகாது, கேலக்டோஸ் கொடுத்தால் உருவாகும். செல்களைப் படிப்படியாக நீர்க்க வைத்துத் தட்டில் வரிசையாகச் சொட்டு விடுவார்கள். நன்றாக வளர்ந்தால் வெள்ளைப் பணியாரம் ஊற்றினாற்போல் வட்டவட்டமாகத் தெரியும். டிடிபி-43 வந்ததும் வட்டங்கள் தேய்ந்துபோயின. பிபிபி1ஐக் கூட்டினால் இன்னும் தேய்ந்தன, எடுத்தால் மீண்டும் பருத்தன.

மனிதரில் பிபிபி1க்கு அதே வம்சத்துப் பங்காளிப் புரதம் ஒன்று உண்டு, அட்டாக்சின்-2. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிபோல் கோத்த மாலை. அதில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் பெரும்பாலோருக்கு 22 முறை அடுத்தடுத்து வரும். 27 முதல் 33 வரை வருபவர்கள் ஏ.எல்.எஸ். நோயாளிகளிடையே அதிகம் என்று 2010இல் அதே ஆய்வில் கண்டார்கள். கள் பானையிலிருந்து நரம்பு வரை! ஆனால் அட்டாக்சின்-2ஐக் குறைக்கும் ஒரு மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தட்டில் வட்டம் பருப்பதும் நோயாளி எழுந்து நடப்பதும் ஒன்றல்ல. இதையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

பேரன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, எந்த இரண்டைச் சேர்த்து எடுக்கிறாய் என்று கேளுங்கள். ஆச்சிக்கு இது எப்படித் தெரியும் என்று முழிப்பான். என்ன சொன்னான் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.